மிதலத்திலிருந்து வந்த மிளகுக்காரர்

மிதலம் என்று ஒரு கிரகம் இருக்கிறது. எங்கே என்று கேட்கக் கூடாது; கேட்பவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விடும். அங்கே தரை உண்டு, ஆனால் தரையில் கால் வைக்கிற ஆள் ஒருவரும் கிடையாது. பிறந்த குழந்தையே தொட்டிலுக்கு மேலே அரை முழம் எழும்பி நின்றுதான் அழும். மிதலர்கள் சாப்பிடுவதில்லை, வாசனையை மோந்து பசியாறுகிறார்கள். ஒருவர் நினைப்பது மற்றவருக்கு அப்படியே தெரிந்துவிடும். ஆகவே அங்கே பொய் கிடையாது, பொய் கிடையாததால் கோர்ட்டு கிடையாது, கல்யாணத் தரகரும் கிடையாது. ஒருவருக்குத் துக்கம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பாதியை வாங்கிப்போய் அழுது தீர்த்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவார். செருப்புக் கடை வைத்தவன் மட்டும்தான் அங்கே பிழைக்க முடியாது.

இவ்வளவும் கருப்பண்ணனுக்கு ஒரே காலையில் தெரியவந்தது. அன்று அவர் மிளகு பறிக்கத்தான் போயிருந்தார்.

கருப்பண்ணனுக்குக் கொல்லிமலை அரியூர் நாட்டில் பள்ளத்தில் கொஞ்சம் நெல்வயல், மேட்டில் மரவள்ளி, அதற்கும் மேலே சரிவில் வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள். மரத்துக்கு மரம் மிளகுக்கொடி உச்சிவரை ஏறிக் கிடந்தது. நெல்லும் கிழங்கும் வயிற்றுக்கு. மற்றதெல்லாம் மிளகு: உப்பு, எண்ணெய், பஸ் சார்ஜ், நாமக்கல்லில் நர்சிங் படிக்கிற மகள் மேகலாவின் விடுதிச் சோறு. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததுமே பறித்துவிட வேண்டும். அசந்தால் மொத்தமும் பழுத்து உதிரும். உதிராததைக் குருவி பார்த்துக்கொள்ளும். தை பிறந்ததும் சரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன.

மலையில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. நெட்டை மூங்கில் ஒன்றை எடுத்து, கணுவுக்குக் கணு பக்கக் கிளையைக் கையகலம் மிச்சம் விட்டு வெட்டியிருப்பார்கள். அந்த மிச்சம்தான் படி. பெருவிரல் கொள்கிற இடத்தில் முழு ஆளும் நின்றுகொண்டு, இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சரத்தைப் பறித்து முதுகுச் சாக்கில் போட வேண்டும். கீழ்நாட்டு ஆட்கள் அதைப் பார்த்தாலே கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். கருப்பண்ணனுக்கோ தரையில் நடக்கும்போதுதான் எப்போதாவது கால் தடுக்கும்.

அன்று கடும் பனிமூட்டம். மூங்கிலை விழுங்கி, மரத்தை விழுங்கி, கொடியையும் விழுங்கிய பனி, ஏனோ கருப்பண்ணனை மட்டும் வாய்க்கு ருசிக்கவில்லை என்பதுபோல் விட்டு வைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய பனியனுக்குள் முசுறு எறும்பு ஒரு கூட்டமாகப் புகுந்தது. உதறினால் விழ வேண்டும். விழாவிட்டால் கடிபட வேண்டும். கருப்பண்ணன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். கண்ணை மூடி, பல்லைக் கடித்து, ஆடாமல் அசையாமல் நின்றார். உடம்பு மட்டும் லேசாக நடுங்கியது.

கீழே ரோட்டில் ஒரு வேன் நின்றது. அதிலிருந்து இறங்கிய வெள்ளை உடுப்புக்காரர்கள் அந்தரத்தில் ஒரு மனிதர் கண் மூடி ஆனந்தத்தில் நடுங்குவதைக் கண்டார்கள். வேலியைத் தாண்டி ஓடிவந்து, மரத்தடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள்.

கருப்பண்ணன் கண்ணைத் திறந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் தன் தோட்டத்தில் கவிழ்ந்து கிடந்து தரையைத் தடவுவதைப் பார்த்தார். மலையில் மிளகு வைத்திருக்கிற யாருக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். சிந்தின மிளகைப் பொறுக்குகிறார்கள்.

"ஏனுங்க, அதெல்லாம் நம்முளுதுங்க. எடுக்காதீங்க சாமி," என்றார் மேலிருந்து.

கூட்டத்தில் ஓர் அம்மாள் விம்மினாள். "எல்லாம் நம்முடையது, எடுக்காதே. மிதலத்தின் முதல் வாக்கு," என்று சொல்லி, கழுத்தில் மாலை மாதிரி தொங்கிய அளவு டேப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவள் பெயர் கலைச்செல்வி. அகில அண்ட மிதல ஆன்மப் பேரவை, கொல்லிமலைக் கிளையின் அளவைப் பொறுப்பாளர்.

பேரவையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வாசலூர்பட்டி ஏரிக்குப் போகிற வழியில், படகு விடப் போகிறவர்கள் கண்ணில் படாமல் போகவே முடியாத இடத்தில், அது இருந்தது. மிதலர்களைப் போல மனிதரும் தரையை விட்டு எழும்ப வேண்டும் என்பது கொள்கை. எழும்புவதில் சில நடைமுறைச் சிக்கல்கள் இருந்ததால், அதுவரைக்கும் கட்டைப் பாதுகை போட்டுக்கொள்வது என்று தீர்மானம். புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு விரல் உயரக் கட்டை. பக்குவம் கூடக் கூட, கட்டையும் கூடும். கிளைத் தலைவர் அருணாசலம் ஒரு சாண் பெரியவர். அவர் நடக்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாங்க வேண்டும்; ஆன்மிகத்தில் உயர்ந்தவர் கீழே விழுந்தால் பல் போகும் அல்லவா.

மிதலத்தின் செய்திகள் சந்நிதியில் இருந்த ஒரு பழைய பிரிட்ஜ் வழியாக வந்தன. அதற்குப் பட்டு சாத்தி மாலை போட்டிருந்தார்கள். அது ரீங்காரம் இட்டால் மிதலம் ஆம் என்கிறது. கரண்ட் போய்விட்டால், பேரவை என்ன சொல்கிறதோ அதையே மிதலமும் சொல்கிறது. கொல்லிமலையில் பேரவைக்கு இதனால் பெரிய சுதந்திரம் கிடைத்திருந்தது.

கலைச்செல்வி டேப்பின் ஒரு நுனியைத் தரையில் அழுத்திக்கொண்டு மறுநுனியை மேலே எறிந்தாள். "ஐயா, உங்க பாதத்துக்கிட்ட கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

கருப்பண்ணன் பிடித்தார். கவர்மெண்டில் ஏதோ கணக்கெடுக்கிறார்கள், மிளகுக்கு மானியம் வரும் என்று நினைத்தார்.

அளவைப் படித்ததும் கலைச்செல்வி டேப்பை மறுபடியும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஒரு விரல் அன்பர் முரளி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பெரியவரையே முழுசா நாலு தடவை அடுக்கலாம்."

அவன் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால்தான் இப்படியெல்லாம் கூட்டிப் பார்த்தான்.

கருப்பண்ணன் இறங்கத் தொடங்கியதும் கீழே கூச்சல். "பாதம் படக்கூடாது, பாதம் படக்கூடாது." கடைசிக் கணுவிலிருந்து அவர் காலை எடுத்த நொடியில் ஆறு பேர் அவரைத் தோளில் ஏந்திக்கொண்டார்கள். வேன் கதவு மூடியது. சாக்கில் இருந்த மிளகில் பாதி ரோட்டில் சிந்தியது. அதுதான் அவருக்கு வேதனையாக இருந்தது.

---

அன்றைக்கே ஆய்வுக் குழு கூடியது. கருப்பண்ணனைச் சந்நிதியில் ஓர் ஊஞ்சலில் உட்கார வைத்திருந்தார்கள். ஊஞ்சலுக்குக் கீழே தரையை மிதலர் கண்ணிலிருந்து மறைக்க ஜமக்காளம் விரித்திருந்தார்கள்.

கருப்பண்ணன் நேர்மையான மனிதர். எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். "சாமி, நான் ஒண்ணும் பறக்கலீங்க. மூங்கிலு மேல நின்னுட்டிருந்தனுங்க. பனியில உங்களுக்குத் தெரியல. என்னை விட்டீங்கன்னா போய் மிச்சத்தைப் பறிச்சுப்போட்டுருவேன். மொளகு செவந்துட்டு வருதுங்க."

குழுவில் எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அருணாசலம் தாங்கிகள் இருவர் உதவியோடு எழுந்து நின்று பேசினார்.

"அன்பர்களே, இவர் மூங்கிலின் மேல் நின்றதாகச் சொல்கிறார். இருக்கட்டும். நான் எதன் மேல் நிற்கிறேன்? கட்டையின் மேல். மூங்கில் செல்லாது என்று நாம் இன்று முடிவு செய்தால், நாளைக்குக் கட்டை செல்லுமா என்று ஒருவன் கேட்பான். கட்டை செல்லாது என்றால் நான் யார்? ஐந்தடி நாலு அங்குலம். முப்பது ஆண்டு ஆன்மிக வாழ்க்கை ஐந்தடி நாலு அங்குலத்திலா முடிய வேண்டும்? ஆகவே மூங்கில் செல்லும்."

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது.

"தவிரவும், பெங்களூரில் நம் தலைமையகத்தார் ஒன்றரைச் சாண் போட்டுக்கொண்டு நம்மைக் குனிந்து பார்க்கிறார்கள். தைப்பூசத்தன்று அவர்கள் வருகிறார்கள். வந்து இவரை அண்ணாந்து பார்க்கட்டும். பார்த்துக் கழுத்து வலிக்கட்டும். அகங்காரத்தால் சொல்லவில்லை, அகங்காரத்தை நான் இரண்டு விரலில் இருக்கும்போதே விட்டுவிட்டேன்."

பிரிட்ஜைக் கேட்டார்கள். கரண்ட் இல்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"அப்ப நான் ஊட்டுக்கு வாரேனுங்க," என்று கருப்பண்ணன் ஊஞ்சலிலிருந்து காலைக் கீழே விட்டார்.

விட்ட காலுக்கு அடியில் முரளி தன் இரண்டு உள்ளங்கையையும் வைத்தான். மற்றக் காலுக்கு அடியில் இன்னொருவர் முதுகு வந்தது. கருப்பண்ணன் பதறிப்போய் வாசலைப் பார்த்தார். வாசல்வரை அன்பர்கள் மளமளவென்று படுத்துவிட்டார்கள். தாண்ட ஒரு சாண் வெற்றிடம் இல்லை. வெளியே கேட்டுவரைக்கும், கேட்டிலிருந்து ரோடுவரைக்கும், அதற்கப்புறம் ஏரிக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் நாலு பேரும் என்ன ஏதென்று கேட்காமல் படுத்திருந்தார்கள்.

மனிதர்களை மிதித்துக்கொண்டு போகிற பழக்கம் கருப்பண்ணனுக்கு இல்லை. அதற்கெல்லாம் பேரவையில் இன்னும் பல படிகள் ஏறியிருக்க வேண்டும். அவர் காலை மடக்கி ஊஞ்சலில் போட்டுக்கொண்டார்.

மதியம் வெண்பொங்கல் வந்தது. நெய்யும் முந்திரியுமாக, ஆவி பறக்க. கலைச்செல்வி தட்டை அவர் மூக்குக்கு நேரே ஏந்தினாள்.

"மோந்துக்குங்க ஐயா."

அவர் மோந்தார். கை நீட்டினார். தட்டு போய்விட்டது. அவர் மோந்து மிச்சம் வைத்ததை அருணாசலமும் குழுவினரும் திரைக்குப் பின்னால் அருந்திக்கொண்டிருந்தார்கள்; வடை கூடுதலாகக் கேட்கும் குரல் நன்றாகக் கேட்டது. அடுத்து கத்திரிக்காய் கொத்சு வந்து போயிற்று. கடைசியாகப் பாயசமும் மூக்குவரை வந்து திரும்பியது.

"எச்சில் விழுங்குறீங்களே ஐயா," என்றாள் கலைச்செல்வி கவலையோடு. "ஜீரணம் ஆகுதா?"

---

ஊரில் செய்தி பரவி, கருப்பண்ணன் மனைவி கண்ணாயி தேடிக்கொண்டு வந்தாள். கையில் தூக்குப் பாத்திரம். கேட்டில் அவளை நிறுத்தி, அவள் யார் என்பதை முடிவு செய்ய ஒரு துணைக்குழு போட்டார்கள். மிதலரின் மனைவி மிதலரா, மனுஷியா? அவள் காலில் சேறு இருந்ததால் தரைத் துணைவி என்று வகைப்படுத்தி, பார்வையாளர் நேரத்தில் உள்ளே விட்டார்கள்.

கண்ணாயி ஊஞ்சலைப் பார்த்தாள். பிரிட்ஜுக்குப் போட்டிருந்த பட்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அங்க மொளகு பழுத்துக் கெடக்குது. நீங்க இங்க வந்து ஊஞ்சலாடிட்டு இருக்கறீங்க."

"ஆடல புள்ள. உக்கார வெச்சிருக்கறாங்க."

"எந்திரிச்சு வாங்க."

"காலைக் கீழ வெச்சா ஆளு படுத்துக்கறாங்க."

"படுத்தா படுக்கட்டும்."

"உனக்கென்ன, சொல்லிருவ. பாவம், எல்லாம் படிச்ச பசங்க."

அவள் குனிந்து, யாரும் பார்க்காதபோது சாமைச் சோற்றையும் மொச்சைக் குழம்பையும் முந்தானைக்குள் வைத்து உருட்டி அவர் வாயில் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். தூரத்தில் இருந்த அன்பர்கள் மிதலர் தரைத் துணைவிக்கு மௌன உபதேசம் செய்கிறார் என்று பாய் விரித்து உட்கார்ந்தார்கள்.

"நானே பறிச்சிருப்பேன்," என்றாள் கண்ணாயி குரலைத் தாழ்த்தி. "தோட்டத்தைச் சுத்தி மஞ்சக் கயிறு கட்டிப்போட்டாங்க. மரமெல்லாம் விண்தூணாம். சரமெல்லாம் மிதல மணியாம். தொட்டா தோசமாம். ரெண்டு பேரு காவலுக்கு நிக்கறாங்க. குருவி மட்டும் திங்குது. குருவிக்குத் தோசமில்லையாம், அது பறக்குதாம். மேகலா போன் பண்ணுனா. என்னங்க சொல்றது அவளுக்கு? அப்பன் வேற கெரகத்துக்குப் போயிட்டாரு, மெஸ்ஸுக்கு அவிங்ககிட்டக் கேளுன்னா?"

கருப்பண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். அதுவரைக்கும் இதை ஒரு தொந்தரவாகத்தான் நினைத்திருந்தார். இப்போது சரம் சரமாக மிளகு பழுத்து, கொத்துக் கொத்தாக உதிர்ந்து, ஈரத்தில் கிடந்து பூசணம் பிடிப்பது கண்ணுக்குள் தெரிந்தது.

மறுநாள் முதல் திருவுளம் அறிதல் நடந்தது. மிதலர்களுக்குப் பிறர் மனசு தெரியும் என்பதால், அன்பர்கள் ஒவ்வொருவராக வந்து எதையாவது நினைத்துக்கொண்டு அவர் எதிரே நிற்க வேண்டும். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் பதில். கருப்பண்ணன் மனசில் ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

சேலத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து நின்றார்.

"இந்நேரம் நல்லாப் பழுத்திருக்கும்," என்றார் கருப்பண்ணன். "இன்னமும் விட்டா கொட்டிப் போயிரும்."

அதிகாரி வெளிறிப்போனார். வாங்க வேண்டியதை எல்லாம் பூசத்துக்குள் வாங்கி முடித்துவிடும்படி உத்தரவாகிவிட்டது என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே காரில் ஏறினார்.

ஒரு தம்பதி வந்தார்கள். பெண்ணுக்கு வரன் தகையவில்லை.

"செவந்ததும் பறிச்சிருக்கோணும்," என்று கருப்பண்ணன் பெருமூச்சு விட்டார். "அப்ப உட்டுப்போட்டு இப்ப நெனச்சு என்ன பண்றது."

அம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னப்ப கேட்டீங்களா? அந்த ஈரோட்டுப் பையன்." அங்கேயே சண்டை தொடங்கியது. மிதலத்தின் ஞான திருஷ்டியைக் கண்டு கூட்டம் சிலிர்த்தது. வரிசை ஏரி வரைக்கும் நீண்டது. படகுக்காரர்கள் படகை விட்டுவிட்டு இளநீர் விற்றார்கள்.

அன்று பார்வையாளர் நேரத்தில் வந்த கண்ணாயி, அந்த வரிசையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். எல்லாம் நல்ல திடகாத்திரமான ஆட்கள். வேலை இல்லாத கைகள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஊஞ்சல் அருகே போய் புருஷன் காதில் ஏதோ சொன்னாள்.

"அது பொய்யாகாதா?" என்றார் கருப்பண்ணன்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா கண்ண மூடிட்டு இருங்க. அதுக்குத்தான நல்ல பேரு எடுத்திருக்கறீங்க."

கண்ணாயி அருணாசலத்திடம் போய் நின்றாள். "பெரியவருங்களே, அவரு மனசுல ஒண்ணு சொன்னாரு. பூசத்துக்கு அவரு ஒருத்தரு மேல நின்னா ஆகாதாம். நீங்க எல்லாரும் ஏறோணுமாம். மரத்துக்கு ஒருத்தரா."

அருணாசலம் மோவாயைத் தடவினார். "ஏறலாம். ஆனால் வெறுமனே ஏறுவது உடற்பயிற்சி. தத்துவம் வேண்டுமே."

"அதையும் சொன்னாருங்க. கை சும்மா இருந்தா மனசு அலையுமாம். அதனால சரம் சரமாப் பறிச்சு முதுகுச் சாக்குல போட்டுக்கிட்டே ஏறோணும். பச்சையைத் தொடக்கூடாது, ஒண்ணு ரெண்டு செவந்திருக்குதே, அந்தச் சரந்தான். சாக்கு கனக்கக் கனக்க ஆளு லேசாவாங்களாம்."

"சாக்கு கனக்க ஆள் லேசாவது," என்று அருணாசலம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. "முப்பது வருஷமாக நான் தேடியது இதைத்தான்." பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "எந்த மரம் அம்மா உயரம்?"

---

பூசத்தன்று காலை பேரவை முழுவதும் கருப்பண்ணன் தோட்டத்தில் இருந்தது. மஞ்சள் கயிறை அவிழ்த்துவிட்டார்கள். கண்ணாயி முதல்நாளே ஊரெல்லாம் அலைந்து மரத்துக்கு ஒரு மூங்கிலாகச் சாத்தி வைத்திருந்தாள். பெங்களூர்க்காரர்கள் ஒன்றரைச் சாண் கட்டையோடு வந்து இறங்கி, கொல்லிமலைச் சரிவில் இரண்டடி வைத்ததும் உருண்டுபோனார்கள். அவர்களைத் தூக்கி நிறுத்த ஆளில்லை. எல்லோரும் மரம் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். நாலு விரல்காரர் குட்டை மரத்திலும் இரண்டு விரல்காரர் நெட்டை மரத்திலும் ஏறலாமா என்று அரைமணி நேரம் தர்க்கம் நடந்தது.

அருணாசலத்துக்குத் தனிச் சிக்கல். ஒரு சாண் கட்டையோடு மூங்கிலில் ஏற முடியாது. கழற்றினால் தரையில் கால் படும். தரையில் பட்டால் பதவி போகும். கடைசியில் முரளியின் தோளில் ஏறி நின்று அங்கிருந்து நேராக மூங்கிலுக்குத் தாவுவது என்றும், பதவிக்குப் பங்கம் வராமல் கட்டைகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வது என்றும் தீர்மானமானது. அப்படியே ஏறினார். ஒவ்வொரு கணுவுக்கும் கட்டை அவர் மோவாயில் ஒரு தட்டு தட்டியது.

பிறகு நடந்ததை அந்த நாட்டில் யாரும் முன்பு பார்த்ததில்லை. வங்கி மேனேஜர்கள், டாக்டர்கள், ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை, கம்ப்யூட்டர்காரர்கள் என்று மரத்துக்கு ஒருவராகத் தொங்கிக்கொண்டு மிளகு பறித்தார்கள். கூலி ஆள் பறிப்பதுபோல மேலாகப் பறிக்கவில்லை. பக்கத்து மரத்துக்காரர் தன்னைவிட லேசாகிவிடக் கூடாது என்று இலைக்கு இடையில் துழாவிப் பறித்தார்கள். சாக்கு நிறைந்ததும் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். "எனக்கு ரெண்டாவது சாக்கு போடும்மா, இன்னும் கனமாகவே இருக்கிறேன்," என்றாள் கலைச்செல்வி மேலிருந்து. டேப்பை ஒரு கையால் தொங்கவிட்டுத் தன் உயரத்தைத் தானே அளந்துகொண்டிருந்தாள்.

கருப்பண்ணன் தோட்டத்து ஓரத்தில், வேன் மேல் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு காலைக் கீழே தொங்கவிட்டார். யாரும் ஓடிவரவில்லை. அவர் காலுக்கடியில் படுப்பதற்குக் கீழே ஓர் ஆள் கிடையாது. எல்லோரும் மேலே இருந்தார்கள்.

இறங்கினார். மண் சில்லென்று இருந்தது. பெருவிரலால் கொஞ்சம் கிளறிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்ணாயியோடு சேர்ந்து சாக்குகளைக் கவிழ்க்கத் தொடங்கினார்.

உச்சியில் இதற்குள் வேறு விபரீதம். முரளி ஒரு விரல் அன்பன். ஆனால் வயசுப் பையன், பெரியவர் மரத்துக்குப் பக்கத்து மரத்தில் விறுவிறுவென்று ஏறி அவர் தலைக்கு மேலே போய்விட்டான். அருணாசலம் அண்ணாந்து அவன் பாதத்தைப் பார்த்தார். பொறுக்குமா? மூங்கில் முடிந்த இடத்தில் காலை எடுத்துக் கிளைக்கு வைத்தார். அங்கிருந்து அடுத்த கிளை. பெரியவரே கிளைக்குப் போனதும் மற்றவர்களும் மூங்கிலை விட்டுக் கிளைக்குப் போனார்கள். இனி ஏற இடமில்லை என்றானதும், எல்லோரும் கிளையைக் கட்டிக்கொண்டு முதல் தடவையாகக் கீழே பார்த்தார்கள்.

கீழே மிதலர் வெறுங்காலோடு மண்ணில் நடந்துகொண்டிருந்தார்.

"தரை," என்று அலறினார் அருணாசலம். "கருப்பண்ணரே, உம் காலில் தரை பட்டுவிட்டது."

"ஆமாங்க."

"முழுப் பாதமுமா?"

"ரெண்டு பாதமுங்க."

அருணாசலம் கிளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுங்கும் குரலில் அங்கிருந்தபடியே தீர்ப்புச் சொன்னார். "இந்த நொடி முதல் நீர் மிதலர் அல்ல. தரையன். பேரவையிலிருந்து உம்மை நீக்குகிறோம். ஊஞ்சல், மோந்துணவு, திருவுளம் எல்லாம் ரத்து. உம் உயரத்துக்கு இனி நாங்கள் பொறுப்பல்ல."

"சரிங்க," என்றார் கருப்பண்ணன். அவ்வளவு நிம்மதியாக அவர் அந்த வாரம் எதையும் சொன்னதில்லை. "அப்ப நீங்க எல்லாரும் இறங்கறீங்களா?"

அந்தக் கேள்விக்கு மரங்களில் சலசலப்பு. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் இறங்குகிறவர் கடைசி ஆகிவிடுவார்.

"இறங்குவது," என்றார் அருணாசலம், "எங்கள் விதிகளில் இல்லை."

"நெசமாத்தான் சொல்றீங்களா சாமி?"

"உயர்ந்தவர்கள் ஒரு தடவைதான் சொல்வார்கள்."

கண்ணாயி புருஷனைப் பார்த்தாள். "கீழ்ச்சரிவுல ஒம்பது மரம் இன்னும் பறிக்காமக் கெடக்குதுங்க."

கருப்பண்ணன் பெரியவர் மரத்தடிக்கு வந்தார். மரியாதையாக அண்ணாந்து சொன்னார்: "அப்ப இந்த மூங்கிலு உங்களுக்கு வேண்டியதில்லீங்களே. நான் எடுத்துக்கறேனுங்க."

எடுத்துக்கொண்டார். மற்றதையும் சாய்த்து அடுக்கினார். ஊர்க்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவை அவை.

சாயங்காலம் பனி இறங்கியது. வழக்கம்போல் மரத்தை விழுங்கி, கிளையை விழுங்கி, வெள்ளை உடுப்புக்காரர்களை மட்டும் விட்டு வைத்தது. ஏரியில் படகு விட்டுத் திரும்பிய ஒரு சுற்றுலா பஸ் ரோட்டில் கிறீச்சென்று நின்றது. ஜன்னலெல்லாம் தலைகள். அந்தரத்தில் அங்கங்கே மனிதர்கள், கண்ணை இறுக மூடி, மெய் நடுங்க நின்றார்கள். நடுவில் ஒரு பெரியவர், கழுத்தில் மரக்கட்டை மாலையோடு.

பஸ் காலியானது. ஜனம் வேலியைத் தாண்டி ஓடிவந்து மரத்தடியில் விழுந்து கும்பிட்டது.

"ஏணி," என்றார் அந்தரத்துப் பெரியவர் கம்மிய குரலில். "யாராவது ஓர் ஏணி கொண்டு வாருங்கள்."

"ஏணி கேட்கிறார்," என்று கவிழ்ந்து கிடந்த ஒருவர் பரவசத்தோடு பக்கத்தில் கிடந்தவரிடம் சொன்னார். "அவ்வளவு உயரத்தில் இருக்கிறவர் ஏணி கேட்கிறார் என்றால், அதில் ஏதோ இருக்கிறது." அதை அவர் செல்போனில் பதிந்துகொண்டார்.

கண்ணாயி கடைசிச் சாக்கின் வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். வரிசையாகக் கவிழ்ந்து கிடந்த முதுகுகளைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து ஒரு வெறும் சாக்கை உருவி, அவர்கள் நடுவில் விரித்துப் போட்டாள்.

"கும்புட்டது கும்புட்டீங்க," என்றாள். "அப்பிடியே கீழ சிந்துன மொளகையும் பொறுக்கி இதுல போட்டுருங்க சாமி."